மிளகாய் மில்லின் பாதுகாப்புப் பிரதிநிதி

கொட்டாஞ்சேனையில் ஒரு மிளகாய் மில்லில் நான் கொஞ்சக் காலம் தொழிலாளர் பாதுகாப்புப் பிரதிநிதியாக இருந்தேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவளுக்கு அவ்வளவு பெரிய பதவி எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தகுதிதான். நான் வாய் திறக்கமாட்டேன். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்தால்கூட நிப்பாட்டச் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும்வரை இருந்து, இறங்கித் திரும்பி நடக்கிற ஆள் நான். முதலாளி நெடுநாள் கவனித்துத்தான் என்னைத் தெரிவு செய்திருக்கவேண்டும்.

நாட்டில் சண்டைக் காலம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். காலையில் பஸ் ஏறி மில்லுக்கு வருவேன். மில் என்றவுடன் பெரிதாக நினைக்கவேண்டாம். றோட்டுப் பக்கம், நாங்கள் பெண்கள் தூளைப் பைகளில் அடைக்கும் அறை. பின்னுக்கு, சாப்பாடு வைக்கும் சின்ன அறை. இரண்டுக்கும் நடுவே அரைக்கும் மெஷின். மோட்டரிலிருந்து மெஷினுக்கு ஒரு நீளமான பெல்ட் மூடி எதுவும் இல்லாமல் இடுப்பளவு உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பின்னறைக்குப் போகிறவர்கள் சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்து, சுவரில் முதுகை உரசிக்கொண்டு நண்டு மாதிரிப் போகவேண்டும். மெஷினைப் பார்க்கிறவர் ஒரு வயசான மனிதர். அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்து அவருக்குக் காது போய்விட்டது.

என் பக்கத்தில் இருந்து பை ஒட்டுகிறவள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெண். ஒரு நாள் அவளுடைய முந்தானையைப் பெல்ட் இழுத்தது. பழைய சேலை என்றபடியால் கிழிந்து ஆளை விட்டுவிட்டது. நல்ல சேலை வாங்குகிற அளவுக்கு முதலாளி சம்பளம் கொடுத்திருந்தால் அன்றைக்கே அவள் முடிந்திருப்பாள். அந்த வகையில் அவளைக் காப்பாற்றியவர் முதலாளிதான். அதற்குப் பிறகு அவள் அந்த வழியால் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். பெல்ட்டுக்கு ஒரு மூடி போட்டுத் தரச்சொல்லி அவளே போய்க் கேட்டாள். பெல்ட் என்றால் ஓடத்தான் செய்யும், நீங்கள்தான் பார்த்துப் போகவேணும் என்று முதலாளி விளக்கம் சொல்லி அனுப்பினார்.

பிறகு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போன இடத்தில், வேலைத்தலப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் வந்த முதலாளி வேறு ஆள். எங்கள் உயிரில் அவருக்கு இருந்த அக்கறையைப் பார்க்க எனக்கே கண் கலங்கியது. தூள் காற்றில் பறந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விண்ணப்பத்தை டைப் அடிக்கிற ஒருவரைக் கூட்டிவந்து எங்கள் அறையில் வைத்தே நிரப்பினார்கள். இங்கே விபத்து நடந்ததுண்டா என்று ஒரு கேள்வி. ஓம் என்றால் மில்லில் பிழை. இல்லை என்றால் பயிற்சி எதற்கு? முதலாளி வெகுநேரம் யோசித்து, இதுவரை நடக்கவில்லை, ஆனால் நடக்கக்கூடும் என்று எழுதச் சொன்னார். கிழிந்த முந்தானைக்காரி என்னைப் பார்த்தாள். நான் பையைப் பார்த்தேன்.

தொழிலாளர் பிரதிநிதி என்ற இடத்தில் முதலாளி என் பெயரை எழுதச் சொன்னார். தொழிலாளர் கூட்டம் நடந்ததற்கு அறிக்கையும் வேண்டுமாம். நடக்காத கூட்டத்துக்கு அறிக்கை தயாராகி வந்தது. அதில் பிரதிநிதி என்ற முறையில் நான் நீண்ட நேரம் உரையாற்றி இருந்தேன். நன்றாகப் பேசியிருக்கிறேன் என்று டைப் அடித்தவர் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

மானியம் கிடைத்தது. மானியம் கொடுத்த அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி மில்லைப் பார்வையிட வந்தார். சிங்களவர், பழக மரியாதையான மனிதர்.

“நீங்கதானே அக்கா பிரதிநிதி. பெல்ட்ட பத்தி ஒரு வார்த்த சொல்லுங்களேன்” என்று தோட்டத்துப் பெண் என் முழங்கையில் இடித்தாள். நான் எழும்பி நின்றேன். அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கும் சேர்த்து அவள்தான் தன் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டாள். இந்த மானியம் பயிற்சிக்கு மட்டும்தான், மூடி என்றால் அது உபகரணம், அதற்கு வேறு கந்தோர், வேறு விண்ணப்பம் என்றார் அதிகாரி. பெல்ட்டைப் பற்றிப் படிப்பிக்கப் பணம் உண்டு, பெல்ட்டை மூடத்தான் இல்லை என்று விளங்கிக்கொண்டோம்.

பயிற்சி நாள் வந்தது. பாதுகாப்பே முதன்மை என்று மூன்று மொழியிலும் எழுதிய பெரிய பலகை ஒன்று வந்தது. நல்ல தடிப்பான பலகை. அதற்கு மானியத்தில் இடம் இருந்தது. மத்தியானத்துக்குக் கோழிக் கறியோடு சோற்றுப் பார்சல். தலையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய தொழிற்சாலைகளில் நிற்கிற படங்களை அதிகாரி காட்டினார். ஓடர் ஒன்று முடிக்கவேண்டும் என்று முதலாளி மெஷினை நிற்பாட்டவில்லை. ஆகவே பாதிப் பேச்சு எங்களுக்குக் கேட்கவும் இல்லை.

கடைசியாகத் தீ ஒத்திகை. தான் வெளியே நின்று மணி அடிப்பதாகவும், கேட்ட உடனே கையில் இருப்பதையெல்லாம் போட்டுவிட்டு முன்வாசலால் ஓடிவந்து றோட்டுக்கு அந்தப் பக்கம் கூடி நிற்கவேண்டும் என்றும் அதிகாரி சொன்னார். முதலாளி அதைத் தமிழில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். வாசல் எங்களுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதிகாரி கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, மணியோடு வெளியே போனார்.

மணி அடித்தது. கொழும்பில் அந்தக் காலத்தில் இருந்த தமிழ்ச் சனத்துக்குத் தெருவில் ஏதாவது சத்தம் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று ஒருவரும் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை. ஒருத்தி லைட்டை அணைத்தாள். மற்றவர்கள் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னறையைப் பார்த்து ஓடினோம். முன்வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டவர் வேறு யாருமில்லை, முதலாளியேதான். றோட்டில் கூடி நிற்கச் சொல்கிறார்களே, றோட்டில் கூடி நின்றால் ஏற்றிக்கொண்டு போக ஆமி லொறி வராதா?

தோட்டத்துப் பெண் அட்டை வைத்திருந்த கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியாக ஓடிவந்தாள். இருட்டில், நெரிசலில், நண்டு மாதிரிப் போக எவருக்கும் நேரமில்லை. பையின் பட்டியைப் பெல்ட் பிடித்தது. அவள் தோளோடு சரிந்து இழுபட்டாள். மெஷின்காரருக்கு மணி கேட்கவில்லை, ஆகவே அவர் மட்டும் ஓடாமல் முதுகைக் காட்டிக்கொண்டு மிளகாய் கொட்டியபடி நின்றார்.

“மோட்டரை நிப்பாட்டுங்கோ.”

அந்தச் சத்தம் என்னுடைய வாயிலிருந்துதான் வந்தது என்று பிறகு சொன்னார்கள். காது கேட்காதவருக்கே கேட்டிருக்கிறது. அவர் திரும்பிப் பார்த்து சுவிட்சை அடித்தார். அதற்குள் பட்டி அறுந்து, பையைப் பெல்ட் இழுத்துக்கொண்டு போக, அவள் கீழே விழுந்துவிட்டாள். தோள் வீங்கிப்போயிருந்தது. நான் அதைத் தடவ, அவள் மெஷினுக்கு அடியில் சிதறிக் கிடந்த பையின் துண்டுகளைப் பார்த்து அழுதாள்.

“தோள் கெடக்கட்டும் அக்கா. கார்டு போச்சே.”

இதற்கிடையில் யாரோ முன்வாசலைத் தட்டினார்கள். நாங்கள் திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்கள். இன்னும் அமைதியாக இருந்தோம். கடைசியில் முதலாளி போய்த் திறந்தார். அதிகாரியும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆமிக்காரரும் நின்றார்கள். தனியாக றோட்டில் நின்று மணி அடித்த மனிதரை மூலைச் சோதனைச் சாவடியிலிருந்து வந்து விசாரித்திருக்கிறார்கள். அவருடைய அடையாள அட்டை உள்ளே கதிரையில், கோட்டுப் பையில் இருந்தது. கையில் இருப்பதையெல்லாம் போட்டுவிட்டு ஓடச் சொன்னவர், சொன்னபடி நடந்திருந்தார்.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, அறுந்த பட்டியையும் அவளுடைய தோளையும் பார்த்தார். மூடிக்கு வேறு கந்தோர் என்று இந்த முறை சொல்லவில்லை. ஆமிக்காரர்கள் போன பிறகு நான் முதலாளிக்கு முன்னால் போய் நின்றேன். வாய் ஒருமுறை திறந்துவிட்டால் மூடுவது கஷ்டம் போல.

“அந்தப் பலகையைத் தாங்கோ. பெல்ட்டுக்கு அடிக்கப்போறம்.”

“அது கணக்குக் காட்ட வேணும், பிள்ளை.”

“போட்டோ எடுத்துப்போட்டுத் தாங்கோ.”

முதலாளி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மணியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். படம் எடுத்தபின் மெஷின்காரர் பலகையைப் பெல்ட்டுக்கு முன்னால் நிறுத்தி ஆணி அடித்தார். பாதுகாப்பே முதன்மை என்பது தலைகீழாக வந்துவிட்டது. ஒருவரும் திருப்பச் சொல்லவில்லை.

“உமக்கு இவ்வளவு குரல் இருக்கெண்டு தெரிஞ்சிருந்தால் உம்மைப் பிரதிநிதியாப் போட்டிருக்கமாட்டன்” என்றார் முதலாளி.

அன்று பின்னேரம் எல்லோருக்கும் அரச இலச்சினை பதித்த சான்றிதழ் கொடுத்தார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதி, புது அட்டை வரும்வரை தோட்டத்துப் பெண் அந்தச் சான்றிதழையும் முறைப்பாட்டுத் துண்டையும்தான் சாவடியில் நீட்டிக்கொண்டு திரிந்தாள். இலச்சினையைப் பார்த்து விட்டுவிடுவார்கள். ஒரு நாள் ஆமிக்காரன் ஒருவன் என்ன படித்தாய் என்று கேட்டானாம். சத்தம் கேட்டால் ஓடப் படித்தேன் என்றாளாம். அந்த இடத்தில் சொல்லக்கூடிய பதிலா அது? நல்ல காலம், அவன் சிரித்துவிட்டான்.

பலகை நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதும் இருந்தது. அவள் சேலையைப் பிடிக்காமல், கண்ணை மூடாமல், கையில் தேத்தண்ணீரோடு அந்த வழியால் போவாள்.

அடுத்த தடவையும் முதலாளி மானியத்துக்கு விண்ணப்பித்தார். தொழிலாளர் பிரதிநிதி என்ற இடத்தில் மெஷின்காரருடைய பெயர் இருந்தது.