கோழி திருடியவளின் நல்ல வளர்ப்பு

சிறைச்சாலையின் பெண்கள் பகுதிக்கு நான் போவது கைதிகளின் சிறுவயதைப் பற்றி அறிக்கை எழுத. நீதவான் அதைப் பார்த்துத்தான் சிலரைத் தண்டனைக்குப் பதிலாக என் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்புவார். பட்ட கஷ்டத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்வேன். யார் கேட்டார்கள்? படிவத்தைக் கண்டதும் இவர்களுக்குக் கல்யாணப் பேச்சு நினைவுதான் வரும்; வீட்டுக் குறை ஒன்றும் வாயில் வராது.

அன்றைக்கு என் முன்னால் இருந்தவள் கோழி திருடி அகப்பட்டவள். சுன்னாகம் போகும் மினிபஸ்ஸில் அவளுடைய பைக்குள் இருந்த சேவல் கூவியிருக்கிறது. முன்சீற்றில் இருந்த சொந்தக்காரி தன் சேவலின் குரலை அடையாளம் கண்டுவிட்டாள். அகப்பட்டது இது மூன்றாம் தடவை.

தாய் தகப்பன் இல்லாமல் அச்சுவேலியில் சித்தி வீட்டில் வளர்ந்தவள். தரகர் வேலை பார்க்க வயதான கைதி ஒருத்தி பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள்.

"சின்னனிலை அடிச்சவையோ?" என்று தொடங்கினேன்.

"சீச்சீ. பூவரசந் தடியாலை மட்டும்."

"சாப்பாடு?"

"ஒழுங்காக் கிடைக்கும், மிஸ். எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினா."

"பள்ளிக்கூடம்?"

"சித்தியின்ரை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் போனனான். கேற்றடி வரைக்கும்."

"எங்கை படுக்கிறனீர்?"

"குசினிக்கை, அடுப்படியிலை. மழைக்கு நல்ல சூடு."

"எங்கடை பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை. கஷ்டம் இல்லை எண்டு போடுங்கோ," என்றாள் தரகர்க் கிழவி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"உப்பிடியே எழுதினா மாசக்கணக்கா உள்ளைதான் கிடப்பீர்!" என்று கத்தினேன்.

"அதுக்காக வளர்த்தவையைக் குறை சொல்லேலுமோ, மிஸ்?" என்று அவள் என்னையே அதட்டினாள்.

இவளோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது. படிவத்தில் ஒரு கேள்விதான் மிச்சம், அவளுடைய ஒரே மகளைப் பற்றியது.

"உம்மடை மகள் இப்ப ஆரோடை?"

"சித்தியோடை, மிஸ். எட்டு வயசு." அதே பெருமையோடுதான் சொன்னாள்.

என் பேனை நின்றது. பிறகு அதையும் எழுதி, கையொப்பத்துக்காகப் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் பேனையைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவள் திரும்பிப் பார்த்த பார்வையில் கிழவி வாயை மூடிக்கொண்டாள்.

"மிஸ்," என்றாள் கோழிக்காரி, "முதல்லை இருந்து கேளுங்கோ."