செவ்வாய்க்கிழமையில் சொன்ன சந்தோஷ ரகசியங்கள்

தார் வாடையும் நனைந்த சாமந்தியின் வாடையும் ஒன்றாகக் கலந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தச் சாலை வளைவுதான் ஞாபகத்துக்கு வரும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பெருஞ்சாலையை விட்டு உள்ளே பிரிகிற எங்கள் ஊர்ச் சாலைக்கு முதன்முதலாகத் தார் போட்ட மழைக்காலம் அது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். தேதியை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் மாதம் அக்டோபர் என்பதிலும் கிழமை செவ்வாய் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை.

முந்தின நாள் என் பெரியப்பா இறந்துபோயிருந்தார். காலனியில் இருந்த எங்கள் சின்னக் கோயிலில் செபமாலையை முன்னின்று சொல்லும் "உபதேசியார்" அவர்தான். மற்ற நேரமெல்லாம் எல்லாரையும் போலக் கரும்பு வெட்டப் போகிறவர். காலனியில் விழும் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக் கூடாது, வயல் வரப்பில்தான் கல்லறைக்குப் போக வேண்டும் என்பது யாரும் எழுதிவைக்காத கட்டளை. பொதுச் சாலை எல்லாருக்கும் பொதுதானே என்று கேட்டுக் கேட்டே தாலுகா ஆபீசுக்கு நடந்து தேய்ந்தவர் பெரியப்பா. அவர் இறந்த அன்று பார்த்து வரப்பு இடுப்பளவு தண்ணீரில் முழுகிக் கிடந்தது. அவரைச் சாலை வழியாகவே எடுத்துப்போவது என்று முடிவாயிற்று.

பாடையைத் தூக்குமுன் பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஒருத்தரும் கத்தி கித்தி எடுத்துக்கினு வரக் கூடாது. கை சும்மா இருந்தாத்தான் கல்லத் தேடும், செபமால மணியப் புடிங்கடான்னு அவரு சொல்வாரு இல்ல? அத ஞாபகம் வெச்சிக்கங்க." அவள் பேசியது எல்லாரிடமும் என்றாலும் பார்த்தது என் அப்பாவைத்தான். அப்பா முன்கோபி. தம்பி என்பதால் பாடையின் முன்பக்கம் அவர் தோளில்தான் இருந்தது.

ஊர்த்தெரு தொடங்கும் வளைவில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றது. அதன்மேல் சாய்ந்துகொண்டு நாலைந்து பேர் நின்றார்கள், அவர்கள் பின்னால் இன்னும் பலர். சாலையோரம் முழுவதும் தார் போடக் கொட்டிவைத்த ஜல்லிக் குவியல். அந்தக் குவியலை இரண்டு பக்கத்தாரும் பார்த்ததை நானும் பார்த்தேன். அம்மாவின் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

"வழக்கமா போற வரப்பு இருக்குது இல்ல? அதுல போங்கடா" என்றான் டிராக்டர்காரன்.

"வரப்பு தண்ணியில கெடக்குதுங்க. நாலு பேரும் பொணத்தோட முழுவறதா?" என்றார் அப்பா.

"நீச்சல் தெரியாதா உனுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, அந்தப் பக்கம் சிரிப்பு எழுந்தது. பாடையை இறக்கி வைக்கக் குனிந்த அப்பாவின் கை மேலே வரவில்லை. அது ஜல்லியில் இருந்தது.

அம்மா முட்டி போட்டது அப்போதுதான். கொட்டிக் கிடந்த கல்லின் மேலேயே முட்டி போட்டாள். பெரியப்பா இல்லாத இடத்தில் செபமாலையை யார் தொடங்குவது என்று எவருமே யோசித்திருக்கவில்லை. அம்மாவுக்கு அது முதல் தடவை. கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்னதைத் தியானிப்போம் என்று தொடங்கினாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செபமாலையில் எந்தக் கிழமைக்கு எந்தத் தியானம் என்று முறை உண்டு. அந்தக் காலத்தில் திங்களும் வியாழனும் சந்தோஷ தேவ ரகசியம், செவ்வாயும் வெள்ளியும் துக்க தேவ ரகசியம், மற்ற நாள்களில் மகிமை. பின்னால் வந்த ஒளியின் ரகசியங்கள் அப்போது கிடையாது. செவ்வாய்க்கிழமை, அதுவும் பிணத்தை நடுரோட்டில் வைத்துக்கொண்டு, சந்தோஷ ரகசியத்தில் வருகிற, பிள்ளை பிறக்கப்போகிற செய்தியைச் சொல்லத் தொடங்கிவிட்டாள் அம்மா. எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னிக்குச் செவ்வா, புள்ள" என்றாள் பெரியம்மா மெதுவாக.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, பயத்துல..."

"ஆரம்பிச்சிட்டே இல்ல, நிறுத்தாத. அதையே சொல்லு."

காலனியே மண்டியிட்டது. செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளைச் சொல்லும்போது எங்கிருந்தோ ஒரு கல் வந்து அம்மாவின் தோளில் பட்டது. அவள் குரல் அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. அப்பா கல்லோடு எழுந்துவிட்டார். அவர் ஒன்றை எறிந்தால் என்ன நடக்கும் என்பது எனக்கே தெரிந்திருந்தது: குடிசைகள் எரியும், இரவோடு இரவாக ஏரிக்கரைக்கு ஓட வேண்டும். அம்மா திரும்பிப் பார்க்காமல், தன் செபமாலையின் நுனியிலிருந்த சிலுவையை அவர் பக்கம் நீட்டினாள். அதைப் பிடிக்க வேண்டுமானால் கல்லை விட்டாக வேண்டும். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கல் கீழே விழுந்த சத்தம் கேட்டதும் நான் கண்ணைத் திறந்தேன்.

அதற்குள் திண்டிவனம் போகும் டவுன் பஸ் பின்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது, மழையும் பிடித்துக்கொண்டது. டிராக்டர்காரனின் அம்மா தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "மழையில பொணத்தப் போட்டு வெச்சிக்கினு இன்னாடா பேஜாரு? நம்ம கழனியில ஒழைச்ச மனுசன்டா. வண்டிய எடுடா!" அவன் எடுக்கவில்லை. அவள் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்த பிறகுதான் எடுத்தான்.

பெரியப்பா சாலை வழியாகக் கல்லறைக்குப் போனார். அந்த ஆண்டு முழுவதும் எங்களில் ஒருவரையும் கரும்பு வெட்டக் கூப்பிடவில்லை. ஆனாலும் அடுத்த பிணமும் சாலையில்தான் போனது.

இப்போது அந்த வரப்பு இல்லை. பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். டிராக்டர்காரனின் அம்மாவும் இல்லை, என் அப்பாவும் இல்லை. பாடைக்குப் பதில் கண்ணாடி வண்டி வருகிறது. போன மாதம் பெரியம்மாவை அதில்தான் கொண்டுபோனோம். வளைவு வந்ததும் வண்டி மெதுவாக ஊர, பெண்கள் வழக்கம்போலத் தாமாகவே கபிரியேல் தூதரிலிருந்து தொடங்கினார்கள். புதிதாக வந்திருக்கும் இளம் பங்குச் சாமியார் குனிந்து அம்மாவிடம், "அம்மா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. துயர மறைபொருள்" என்றார்.

"தெரியும் சாமி" என்றாள் அம்மா. அன்றைக்கு ஜல்லி கிடந்த சாலையோரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த மணியைப் பிடித்தாள்.