கம்பி வலையும் செல்வியின் நாயும்

என் எழுத்து கோணலாக இருக்கும், பலதும் மறந்துபோகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பிரா வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன்.

முட்டைக்காக நாலைந்து கோழிகள் வாங்கினேன். கூட்டுக்கு முன்னால் கம்பி வலை அடித்து, அவை மேய இடம் விட்டேன். கிளறித் தின்னட்டும் என்று தரையை மண்ணாகவே விட்டேன். வலையின் அடியைப் புதைக்கவில்லை.

ஒருநாள் மதியம் பார்த்தால் ஒரு கோழியைக் காணோம், இறகுதான் கிடந்தது. பக்கத்துக் காம்பிரா செல்வியின் நாய் வலையோரம் நின்று குரைத்தது. பீலியில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும்போது செல்வியைப் பார்த்து வாய்விட்டேன்.

"அடக்கி வளக்கத் தெரியாட்டி ஒனக்கு நாய் எதுக்குடி?"

"எங்க மணி குரைக்கும், கோழியத் தொடாது பெரியம்மா," என்றாள். ஆனாலும் அதைக் கட்டிப்போட்டாள்.

மறுநாளே இன்னொரு கோழி கத்தியது. ஓடினேன். வலைக்கு அடியில் தோண்டிய குழி வழியாகக் கீரி ஒன்று கோழியை இழுத்துக்கொண்டிருந்தது. கட்டிய இடத்தில் மணி துடித்துத் துடித்துக் குரைத்தது. இத்தனை நாளும் கீரியை விரட்டியது அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

வெட்கத்தில் பீலிப் பக்கமே போகவில்லை. பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு, எல்லாரும் இருக்கும்போதே போய், "தப்பு என்னோடதுடி செல்வி," என்றேன்.

"மணிகிட்ட சொல்லுங்க, அவன்தான் ரோஷக்காரன்," என்று சிரித்தாள். வலை புதைக்க அவளே வந்து பிடித்தாள்.

இப்போது வலையை ஒரு சாண் மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கம் மடித்து, மேலே கல் அடுக்கியிருக்கிறேன். கண்ணால் பார்க்காததை வாயால் சொல்வதில்லை. மணிக்குச் சோறு வைக்கிறேன். நான் நகர்ந்த பிறகுதான் தின்கிறது.

ஒரு சாண் ஆழம் போதுமா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.