அம்மா சுருட்டிக் கொண்டுபோன இரத்தம்

ஒப்பரேஷன் தியேட்டரை நோக்கி ட்ரொலி ஓடுகிறது. மிஸ்ஸி (தாதி) கூடவே ஓடி வந்து, ஒரு கையை முட்டியாக்கி என் அடிவயிற்றை அழுத்திப் பிசைகிறார். மகள் பிறந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

வலி தொடங்கியதிலிருந்து இடுப்பைத் தடவி, மூச்சை எப்படி விடுவதென்று சொல்லித் தந்தவர் அவர்தான். வார்டுக்கு மாற்றியதும் ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னார்: “பாட் நனைஞ்சால் எறியாதேங்கோ. எனக்குக் காட்டுங்கோ.” எவ்வளவு இரத்தம் போகிறது என்பதை அவர்கள் அந்த நாப்கினை வைத்துத்தான் மட்டுக்கட்டுவார்கள்.

மதியம் பார்வையாளர் நேரத்தில் அம்மா வந்தார். எங்கள் வீடு இணுவிலில், கோயிலுக்குப் பக்கம். துடக்கு (தீட்டு) விடயத்தில் அம்மா சரியான கண்டிப்பு. இரத்தத் துணி பிறர் கண்ணில் படுவது அவருக்கு மானம் போகிற காரியம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, நனைந்த மூன்றையும் பேப்பரில் சுருட்டிப் பையில் போட்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அம்மா போன பிறகு மிஸ்ஸி வந்து, இரத்தம் கூடப் போகிறதா என்று கேட்டார். பிரச்சினை ஒன்றுமில்லை என்றேன். தலை சுற்றியது, களைப்பு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் காது அடைத்து, உடம்பு குளிர்ந்தது. மிஸ்ஸி ஓடி வந்து போர்வையைத் தூக்கினார்.

“எத்தினை பாட் மாத்தினனீங்கள்?”

“மூண்டு.”

“மற்றதுகள் எங்கை?”

“அம்மா கொண்டுபோயிட்டா.”

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

கருப்பை சுருங்காமல் தளர்ந்து கிடந்ததாம். மருந்துகளுக்கு இரத்தம் நிற்கவில்லை. இவர் (கணவர்) கையெழுத்து வைக்க, கருப்பையை எடுத்துவிட்டார்கள். முன்னமே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று மறுநாள் டொக்டரிடம் கேட்டேன். “இருக்கலாம்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இன்னொரு பிள்ளை வேண்டுமென்று நானும் இவரும் பெயர்கூட யோசித்து வைத்திருந்தோம்.

அம்மாமேல் எனக்குக் கோபம். ஆனால் கேட்டபோது வாயைத் திறந்து பொய் சொன்னவள் நான். பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் வேறு புத்திமதி இல்லை: வெட்கப்படாமல் காட்டுங்கள். அதைப் பார்க்கத்தான் அந்த மனிசி அங்கே நிற்கிறார்.

மகளுக்கு இப்போது எட்டு மாதம். போன வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குக் கூப்பிட்டார். “வா பிள்ளை. உனக்கு இனி விலக்கு நாள் எண்டு ஒண்டும் இல்லைத்தானே. எந்த நாளும் போகலாம்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். முன்பு உடம்பு எனக்கு மாதத்தைப் பிரித்துத் தந்தது. இப்போது எல்லா நாட்களும் ஒரே மாதிரிச் சுத்தமாக வந்து போகின்றன. சந்நிதியில் நின்றேன். எதைக் கேட்பதென்று தெரியவில்லை. மகளை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.