கிளி நிற்கும் ஸ்கேல்

என் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் ஒரு அடி நீள மரஸ்கேல் தொங்குகிறது. ஒரு நுனியில் பழைய மைக்கறை. மறு நுனியில் கிளியின் நகம் கீறிய கோடுகளும், எத்தனை துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டுகளும். அந்த நுனியில் பத்து, பதினொன்று என்ற எண்கள் தேய்ந்தே போய்விட்டன. அப்பாவைக் கேட்டிருந்தால் பென்சில் உராய்ந்து தேய்ந்தது என்றிருப்பார். என் இடது உள்ளங்கையில் பட்டுப் பட்டுத் தேய்ந்தது என்பதுதான் என் கட்சி. வீட்டுக்கு வருகிறவர்கள், “இந்தப் பழைய ஸ்கேலைத் தூக்கிப் போடக்கூடாதா?” என்று கேட்கிறார்கள். போட மாட்டேன். பாசத்தால் வைத்திருக்கிறேன் என்று யாராவது நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

அப்பா திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, கரமனையில் வீடு பார்த்து, அப்படியே தங்கிவிட்டவர். பாலங்களுக்கும் ஓடைகளுக்கும் படம் வரைவார். அவர் போட்ட கோடு மயிரிழை பிசகாது என்று ஆபீஸே சொல்லுமாம். சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார், காபி குடிப்பார், சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கணக்கு நோட்டோடு எதிரே உட்கார வைப்பார். “ஏட்டி, ஏழெட்டு எத்தன?” எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு விநாடிகூடப் பொறுக்க மாட்டார். “கைய நீட்டு.” அவ்வளவுதான்.

எப்போதும் இடது கைதான். வலது கை எழுத வேண்டுமே. அப்படிப்பட்ட கணக்கான மனுஷர். கையைப் பின்னால் இழுத்தால் ஒன்றுக்கு இரண்டு. அதனால் இழுக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஒன்பது வயதில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது பெருக்கல் வாய்ப்பாட்டை இல்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை ஆடாமல் வைத்திருப்பதைத்தான். உள்ளே அம்மா தேங்காய் துருவுகிற சத்தம் வேகமாகும். அவளால் செய்ய முடிந்த எதிர்ப்பு அது ஒன்றுதான். நான் பரீட்சை எழுதி சர்க்கார் வேலைக்குப் போனபோது அப்பா எல்லோரிடமும் சொன்னார்: “எனக்க அடிதான் இவள ஆளாக்கிச்சு, கேட்டியளா?” அன்றைக்கு எனக்கு எரிந்த எரிச்சல் இன்னும் அணையவில்லை. நான் படித்தேன், நான் எழுதினேன், பெயர் ஸ்கேலுக்கு.

அம்மா போன பிறகு அப்பா தனியானார். நான் கல்யாணமாகி, கொஞ்ச தூரம் தள்ளி நேமத்தில் இருந்தேன், தம்பி பெங்களூரில். லீவில் வந்த தம்பி, அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கடையிலிருந்து ஒரு கான்யூர் கிளியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். மஞ்சளும் ஆரஞ்சுமாக, கையளவு கிளி. ஊரைக் கூட்டுகிற தொண்டை. பறந்துபோய்விடாமல் இருக்கக் கடைக்காரர்கள் சிறகின் நீள இறகுகளை வெட்டிவிட்டிருந்தார்கள். வந்த இரண்டாம் நாள் அது ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து நாற்காலியிலிருந்து பாய்ந்தது, நேரே மொசைக் தரையில் தொப்பென்று விழுந்தது. மறுபடி ஏறிப் பாய்ந்தது, மறுபடி விழுந்தது. அப்பா எனக்கு போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. “எந்த மகாபாவி வெட்டினான் இத? ஒரு உயிருக்கு இப்படியும் செய்வானா?” என்றார். போனை வைத்துவிட்டு, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டேன். அது இடது கை.

அப்புறம் நடந்ததைச் சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகாகச் செய்தார். எழுபது வயதுக்கு மேல் செல்போனில் வீடியோ பார்க்கப் பழகினார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரம்மா கிளிக்குப் பறக்கச் சொல்லிக் கொடுப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தமிழில் நோட்டில் எழுதிக்கொண்டார். வெட்டிய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார். சாலைக் கடைத்தெருவில் சூரியகாந்தி விதை வாங்கி ஒரு சம்புடத்தில் போட்டு வைத்தார். சாப்பாட்டுக் கிண்ணத்தில் அந்த விதை கிடையாது, பாடத்துக்கு மட்டும்தான். முதலில் கிளி ஒரு ஈர்க்குச்சியின் நுனியை அலகால் தொட வேண்டும். தொட்டதும் பால்பேனாவை ‘டிக்’ என்று அமுக்குவார், உடனே ஒரு விதை. பிறகு ஸ்கேலில் ஏறி நிற்க வேண்டும். டிக், விதை. பிறகு நாற்காலியின் முதுகிலிருந்து ஸ்கேலுக்கு ஒரு தாவல், ஒரு அங்குலம், ஒரு சாண், ஒரு ஸ்கேல் நீளம், இரண்டு ஸ்கேல் நீளம். ஆமாம், அதே ஸ்கேல்தான். கிளி நிற்க ஒரு கட்டை வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதும் அவர் கைக்கு அகப்பட்டது அதுதான்.

வாரத்துக்கு இரண்டு நாள் ஆபீஸ் முடிந்து பஸ் ஏறிப் போய் அவருக்குச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். அடுக்களை வாசலில் நின்று பார்ப்பேன். அவர் கையில் ஸ்கேல். எதிரே நாற்காலியில் கிளி. வராமல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். ஐந்து நிமிஷம் ஆகும், எட்டு நிமிஷம் ஆகும். “பையப் பைய வா மக்களே. அவசரம் ஒண்ணும் இல்ல” என்பார். ‘மக்களே’ என்பது எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையைக் கொஞ்சுகிற வார்த்தை. ஊரில் எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறேன், என்னை அவர் அப்படிக் கூப்பிட்டு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் ‘ஏட்டி’. நான் ‘மண்டு’. நான் ‘மண்டைக்குள்ள களிமண்ணு’. ஒருநாள் என் கையிலிருந்து ஒரு கரண்டி கீழே விழுந்தது. “சத்தம் போடாத. அது பேடிச்சிரும்” என்றார். பயந்துவிடுமாம்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய்க் காயை நறுக்கினேன். காய்க்குத்தான் கஷ்டகாலம்.

இன்னொரு நாள் கிளி வரவே இல்லை. இவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன், கொஞ்சம் ஆசையோடுதான் காத்திருந்தேன். ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “வரல்லேன்னா அதுக்க குத்தம் இல்ல, கேட்டியா. நாம தூரத்தக் கூட்டியாச்சு. தப்பு நம்மளுக்கது.” பக்கத்து வீட்டு டீச்சர் மதில் வழியாக எட்டிப் பார்த்து, “சாறினு எந்தொரு க்ஷமயா!” என்று மெச்சினார். என்ன பொறுமையாம் சாருக்கு! நான் சிரித்த சிரிப்பில் அந்த அம்மா பயந்தே போயிருப்பார்.

ஆறேழு மாதத்தில் கிளி கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பறந்து வந்து ஸ்கேலில் உட்கார்ந்தது. அந்தச் சமயத்தில்தான் டாக்டர் அப்பாவின் இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார். அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு கவலைதான் பட்டார். “எனக்குப் பொறவு இது யாருகிட்ட போகும்? உன் கைக்கு வரப் பழக்கணும்” என்றார். சரி, கிளி என்ன பாவம் செய்தது என்று ஒத்துக்கொண்டேன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கூடத்தின் அந்தப் பக்கம் நின்றேன். எட்டடி தூரத்தில் அப்பா, கிளி உட்கார்ந்த ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளி சிறகை விரித்தது. அப்பா என்னைப் பார்த்து, சாதாரணமாக, “கைய நீட்டு” என்றார்.

நீட்டினேன். கிளி கிளம்பிவிட்டது. பாதி தூரம் வந்துவிட்டது. என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. ஒன்பது வயதில் ஒருநாளும் இழுக்காத கை நாற்பத்து மூன்று வயதில் இழுத்துக்கொண்டது. கிளி இறங்க இடம் இல்லாமல் அலமாரியில் மோதித் தரையில் விழுந்தது. அப்பா ஓடிப்போய் அதைத் தூக்கிச் சிறகை விரித்துப் பார்த்தார். அடி ஒன்றும் இல்லை. அதைக் கூண்டில் விட்டுவிட்டுத் திரும்பினார். முகம் பழைய முகம். “அறிவிருக்காட்டி உனக்கு? கைய எதுக்கு எடுத்த?”

“நீங்க கைய நீட்டுன்னு சொன்னீங்க, அதான் எடுத்தேன்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நிஜமாகவே விளங்கவில்லை, அதுதான் என்னை வெறிகொள்ள வைத்தது. முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. “இந்த ஸ்கேல வச்சு என்னய எத்தன அடி அடிச்சீங்க, ஞாபகம் இருக்கா? ஏழெட்டு அம்பத்தாறு. எனக்குத் தெரியும். அப்பவும் தெரியும். இந்தக் கிளிக்குக் குடுக்குற நேரத்துல கால்வாசி எனக்குக் குடுத்திருந்தா சொல்லியிருப்பேன். அது வரல்லேன்னா தப்பு உங்களுக்கது. நான் சொல்லல்லேன்னா தப்பு எனக்கது, இல்லியா? கிளிக்காக எழுபது வயசில போன் பாத்துப் படிச்சீங்களே அப்பா, எனக்காக ஏன் படிக்கல்ல?”

அப்பா மேஜையிலிருந்து ஸ்கேலை எடுத்து என் கையில் கொடுத்தார். தன் இடது கையை, உள்ளங்கை மேலாக, என் முன்னால் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். அடி என்கிறார்!

கதையில் வந்தால் படிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள். எனக்கு வந்தது கோபம்தான், அதற்கு முன் வந்ததையெல்லாம்விடப் பெரிய கோபம். பட்டதற்குப் பதில் பட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற மனுஷரை என்ன செய்வது? எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. ‘தப்பு என்னுடையது.’ கிளிக்காக அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை. அதைச் சொல்ல முடியாமல் கையை நீட்டுகிறார். ஸ்கேலைச் சோபாவில் வீசிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் பாதி வழி நடந்தே போனேன்.

இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. டீச்சரிடம் போனில் விசாரித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பதினைந்தாம் நாள் அப்பாவே கூப்பிட்டார். “கிளி பறக்கமாட்டேங்குது. நீ வந்தாத்தான் ஆகும்” என்றார். போனேன். கிளிக்காகத்தான் போனேன்.

கூடத்தில் நான் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். எட்டடி இல்லை, ஒரே ஒரு ஸ்கேல் தூரம். கிளி பயந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று வீடியோவில் அந்த வெளிநாட்டம்மா சொல்லியிருந்தாளாம். கிளியை ஸ்கேலில் ஏற்றிக்கொண்டு எதிரே நின்றார். அவ்வளவு கிட்டத்தில் அப்பாவின் முகத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. வாயைத் திறந்தார், அந்தப் பழைய ‘கைய நீட்டு’ நாக்கு வரைக்கும் வந்தது, தெரிந்தது. விழுங்கிக்கொண்டார். “உனக்கு எப்பத் தோணுதோ அப்ப” என்றார்.

எனக்கு உடனே தோன்றியது. ஆனால் நீட்டவில்லை. வேண்டுமென்றேதான் நீட்டவில்லை. நிற்கட்டும் என்று நினைத்தேன். சுவரில் கடிகாரம் ஓடியது. அவர் ஸ்கேலை நீட்டியபடி நின்றார். ஐந்து நிமிஷத்தில் முழங்கை தாழ ஆரம்பித்தது. இன்னொரு கையால் அதைத் தாங்கிக்கொண்டார். கிளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. மூச்சு வாங்கியது அவருக்கு, மேல்சட்டை நனைந்தது. இதய நோயாளியை இப்படி நிற்க வைக்கிறோமே என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் நிற்க வைத்தேன். ஒரு தடவை ‘சீக்கிரம்’ என்று சொல்லட்டும், ஒரு தடவை ‘ஏட்டி’ என்று அதட்டட்டும், திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பத்து நிமிஷம் நின்றார். என் ஆயுளில் நான் அவரைத் தண்டித்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

பிறகு இடது கையை நீட்டினேன். கிளி ஒரு தாவலில் வந்து உட்கார்ந்தது. அதன் கால் சூடாக இருந்தது. அப்பாவின் கை நடுங்கி, பேனாவை அமுக்கவே வரவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் ‘டிக்’ என்றது. சம்புடத்திலிருந்து விதையை எடுத்துக் கிளிக்குக் கொடுத்தேன். நான் போய்க் காபி போட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். ‘தப்பு என்னுடையது’ என்ற வார்த்தையைக் கடைசிவரை சொல்லவில்லை. கிளி இப்போது நேமத்தில் என்னோடு இருக்கிறது. காலையில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஆணியிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு கூடத்தில் நிற்பேன். சில நாள் கிளி உடனே வந்துவிடும். சில நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆபீஸுக்கு நேரமாகும், முழங்கை வலிக்கும். அப்போது கடிகாரத்தைப் பார்ப்பேன். நாலாவது நிமிஷத்திலேயே எனக்குக் கை நடுங்குகிறது. அவர் பத்து நிமிஷம் நின்றிருக்கிறார், அந்த இதயத்தை வைத்துக்கொண்டு. அது எவ்வளவு என்று இப்போதுதான் தெரிகிறது. தெரிந்தும் சொல்கிறேன். பத்து நிமிஷம் போதாது அப்பா. இன்னும் நின்றிருக்க வேண்டும் நீங்கள்.