மதர்போர்டு மாற்றிய வாரம்

மகளின் கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு வாங்க மூன்று நாட்களாக இணையத்தில் மேய்ந்துகொண்டிருக்கிறேன். எது எதோடு சேரும் என்று தளமே பச்சைக் குறி போட்டுக் காட்டுகிறது. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "அதான் சேரும்னு போட்டிருக்குல்லப்பா, இன்னும் என்ன?" என்று அவள் அலுத்துக்கொள்கிறாள். அவளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. போடியில் மரகதம் டீச்சர் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தேன். டைப்ரைட்டர்களைத் தாண்டி உள்ளறையில், துணி போர்த்திய ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதுரையில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்ததால் எனக்குக் 'கம்ப்யூட்டர் சார்' என்று பெயர். அந்தப் பெயர் வந்த பிறகு என் நடையே மாறிப்போயிருந்தது.

சாயங்காலம் அறைக்குள் ஏலக்காய் வாசம் வந்தால் செல்வராணி வந்துவிட்டாள் என்று அர்த்தம். பக்கத்துக் கிராமமான சிலமலைப் பெண். விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைமேல் எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போவாள். இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் தூக்குச்சட்டியோடு நேரே வகுப்புக்கு வருவாள். ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்க ஆள் எடுப்பதாகவும், வெள்ளிக்கிழமை பரீட்சை என்றும் சொன்னாள்.

"இது கெடச்சா ஜீப்புல ஏற வேணாம்ணே."

நான் சும்மா இருந்திருக்கலாம். கடையில் இருந்தது புது ரக மெஷின். நம்முடையதிலும் மதர்போர்டை மாற்றிவிட்டால் அவள் அதே மாதிரி மெஷினில் பழகலாமே என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"ஓடிக்கிட்டு இருக்கறத எதுக்குப்பா நோண்டுற?" என்றார் டீச்சர்.

"ஒரு மணி நேரச் சோலிதான் டீச்சர்."

மதுரையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைக்காரர் மூன்று போர்டுகளைப் பரப்பி மூன்றையும் புகழ்ந்தார். பாதி புரியவில்லை, கேட்க வெட்கம். பழைய போர்டின் திருகு ஓட்டைகளை அட்டையில் குறித்துக் கொண்டுபோயிருந்தேன். எதில் ஓட்டைகள் பொருந்தினவோ அதை எடுத்தேன். பொண்ணுக்கு வளையல் அளவு பார்ப்பதுபோல.

திங்கட்கிழமை மாட்டினேன். கீபோர்டு வயரும் கச்சிதமாக உட்கார்ந்தது. திரையில் எழுத்து வந்தது. ஆனால் எந்தப் பொத்தானை அமுக்கியும் அசைவில்லை. செவ்வாய்க்கிழமை போர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு மறுபடி மதுரை. கடைக்காரர் தன் கீபோர்டைச் செருகி, "நல்லாத்தானங்க ஓடுது" என்று காட்டினார். ஓடியது. புதன்கிழமை போடியில் மாட்டினால் மறுபடியும் கல். அழுகை வருமளவுக்கு ஆத்திரம்.

வியாழக்கிழமை, பழைய போர்டாவது இருக்கட்டும் என்று அதையே திரும்பப் பூட்டினேன். கரண்ட் வரும் இரண்டு செருகிகளை அவசரத்தில் இடம் மாற்றிச் செருகிவிட்டேன். சின்னதாக ஒரு சத்தம், கருகல் நாற்றம். டீச்சர் கதவருகே நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து துணியை எடுத்து மெஷின்மேல் போர்த்திவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரம் முழுக்கச் செல்வராணி டைப்ரைட்டரில்தான் அடித்தாள். சனிக்கிழமை வந்து சொன்னாள்.

"வெரசாத்தாண்ணே அடிச்சேன். ஒவ்வொரு வரி முடியவும் லிவரத் தள்ள எடது கை தானா மேல போயிருச்சு. அங்கன என்ன இருக்கு, ஒண்ணுமில்ல. பாத்துக்கிட்டிருந்தவக சிரிச்சுட்டாக. பெறகு கையே ஓடல."

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, தேனியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். புது போர்டை மாட்டிவிட்டு, கீபோர்டைக் குப்புறக் கவிழ்த்தார். அடியில் கடுகளவு சுவிட்சு ஒன்று. பேனா முனையால் தள்ளினார். "பழைய போர்டுக்கு அந்தப் பக்கம், புதுசுக்கு இந்தப் பக்கம். இம்புட்டுத்தாண்ணே." எல்லாப் பொத்தான்களும் வேலை செய்தன. கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

பிறகொரு நாள் பஸ் ஸ்டாண்டில் செல்வராணியைப் பார்த்தேன்.

"அந்த மெசினு இப்ப ஓடுதாண்ணே?"

"ஓடுது" என்றேன். சுவிட்சைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டீச்சர் இல்லை. கீபோர்டுகளின் அடியில் அப்படி ஒரு சுவிட்சும் இப்போது வருவதில்லை. போன வருடம் சிலமலைக்குப் போய், செல்வராணியிடம் எப்படியாவது சொல்லிவிடுவது என்று விசாரித்தேன். அந்தக் குடும்பம் திருப்பூர் போய்ப் பல வருடம் ஆயிற்றாம். எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பதைச் சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை.