டெய்லரக்கா சொன்னதும் நான் சொன்னதும்

என் அகராதிக்குள் ஒரு துணி லேபிள் இருக்கிறது. இரண்டு விரல் அகலம் இருக்கும். பழுப்பேறிய பருத்தித் துணியில் நீல மையில் ஒரு பெண்ணின் பெயர், மேலே தமிழில், கீழே ஆங்கிலத்தில். ஓரங்களில் தையல் பிரித்த துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒரு மூலையில் மட்டும் வெள்ளை நூல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டால் உதிர்ந்துவிடும் என்பதால் அந்த மூலையை நான் தொடுவதில்லை. பெயருக்கு உரியவரை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் டெய்லரக்கா.

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் மலையேறுகிறவர்களுக்கான முதுகுப் பை தைத்துக்கொண்டிருந்தோம். பதினான்கு பெண்கள், எட்டு மெஷின். நடத்தியவர் பனிமலை நாடு ஒன்றிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு பெண்மணி, எங்களுக்கு மேடம். சாமி பார்க்க வந்தவர், வேலை கொடுக்க உட்கார்ந்துவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அவருக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. சாயத் தண்ணீர் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகும் என்பதால் துணிக்குச் சாயமே கிடையாது. வெட்டி விழுந்த துணி எதையும் குப்பையில் போடக் கூடாது. எத்தனை வருடம் கழித்துக் கிழிந்த பை வந்தாலும் இலவசமாகத் தைத்துத் தர வேண்டும். மத்தியானம் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பையின் உள்ளேயும் அதைத் தைத்தவரின் பெயர் இருக்க வேண்டும். சுமக்கிறவனுக்குத் தைத்தவள் யாரென்று தெரியட்டும் என்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் படித்த கையோடு, கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அந்தக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடிதம் எழுதுவது, தைத்த பையைச் சரிபார்ப்பது, மேடம் பேசுவதைத் தமிழிலும் பெண்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்வது, இவை என் வேலை. மேடத்துக்குத் தமிழ் வராது, பெண்களுக்கு ஆங்கிலம் வராது. இரண்டு பக்கமும் என் வாயைப் பார்த்துக் காத்திருக்கும் அந்த ஒரு நொடி எனக்குப் பிடித்திருந்தது. மல்லாட்டை என்று எங்கள் ஊரில் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் களை பறித்த கைகளின் மகள் நான்; எனக்காக ஒரு கொட்டகையே நிற்கிறது என்று தோன்றும்.

டெய்லரக்காவும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். மல்லாட்டை மண்டியில் பத்து வருடம் கோணி ஊசியால் மூட்டை தைத்தவர். பள்ளிக்கூடத்தின் பக்கம் போனதில்லை. எந்த நூலையும் பல்லில் கடித்துப் பார்த்து, தாங்கும், தாங்காது என்று சொல்வார். நான் உள்ளே நுழைந்ததும், "இங்கிலீஷ் பாப்பா வந்துட்டா, எல்லாரும் மூச்ச கம்மி பண்ணுங்கடி" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். லேபிள் அச்சாகி வந்த அன்று தன்னுடையதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எது தலை, எது காலு?" என்று கேட்டார். நான் காட்டியதும் ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை நகர்த்தினார். "ரேஷன் கார்டுல கூட எம் பேரு இவ்ளோ தெளிவா இல்ல பாப்பா." அன்று ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டி வைத்ததாகப் பிறகு சொன்னார்.

அதுவரை நைலான் நூலால்தான் தைத்தோம். அது மண்ணில் மக்காது என்பது மேடத்தின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பருத்தி நூலால் ஒரு பை தைக்கச் சொல்லி, கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். ஆறு மாதம் கழித்து எல்லாரையும் கூப்பிட்டு வைத்துத் தோண்டினோம். கித்தான் துணி துண்டு துண்டாக வந்தது. பித்தளை வளையங்கள் வந்தன. நூலை மட்டும் காணவில்லை. மேடம் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். இனிமேல் எல்லாமே பருத்தி நூல், தோள்வார் உட்பட, என்றார். நான் ஏற்கெனவே புதிய விளம்பரத் தாளுக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன்: இந்தப் பையில் ஓர் இழை கூடப் பிளாஸ்டிக் இல்லை. அச்சில் வரப்போகும் என் முதல் வாக்கியம் அது.

டெய்லரக்கா கைதட்டவில்லை. குனிந்து ஒரு துண்டை எடுத்து மண்ணைத் தட்டினார். "பாரு பாப்பா, துணி இருக்குது, நூலக் காணோம். மண்ணுக்குள்ளயே ஆறு மாசத்துல போயிடுச்சின்னா, மழையும் வேர்வையும் பட்டா எத்தினி நாளு தாங்கும்? மண்டியில நனைஞ்ச மூட்ட வாயப் பொளந்துக்கறத நான் எத்தினி பாத்துக்கீறேன். மத்தது எப்டியோ போவட்டும், தோள்வாருக்கு மட்டும் பழைய நூலே இருக்கட்டும்னு மேடங்கிட்ட சொல்லு."

மேடம் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். அந்த ஒரு நொடியை நான் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நான் ஒன்றும் மறக்கவில்லை, புரியாமலும் இல்லை. தோள்வாருக்கு நைலான் என்றால் என் வாக்கியம் பொய்யாகிவிடும், அவ்வளவுதான். கோணி தைத்தவருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றும் நினைத்தேன். அவருக்குச் சந்தோஷமாம், கவனமாகத் தைப்பாராம் என்று மேடத்திடம் ஆங்கிலத்தில் சொன்னேன். மேடம் அக்காவின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்றார் அக்கா.

"வேணாம்னுட்டாங்கக்கா."

"தோளத் தட்டிக் குடுத்துனே வேணாம்னாங்களா? நல்ல மனுஷிதான்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

முதல் ஒரு வாரம் பழைய நூல் எதுவும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மேடம் என்னை மெஷின்களுக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்தார். நின்றேன். அதிகம் நின்றது அக்காவின் பக்கத்தில்தான்.

அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. வடக்கே மலைப்பாதையில் தொடர்ந்து மழையில் நடந்த ஒருவரின் தோள்வார் அறுந்து, பை ஒரு பக்கமாக இழுத்து, அவர் சரிவில் விழுந்திருக்கிறார். உயிர் பிழைத்தார், தொடை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். எழுதியது அவருடைய மனைவி. திட்டவில்லை. பையிலிருந்து லேபிளைப் பிரித்துக் கடிதத்தோடு குத்தி அனுப்பியிருந்தார். இதைத் தைத்தவருக்குத் தெரியட்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்.

மேடம் எல்லாரையும் பெஞ்சில் உட்கார வைத்தார். கோபப்படவில்லை. லேபிளை அக்காவின் முன் வைத்து, தைக்கும்போதே நூல் தாங்காது என்று தோன்றியிருந்தால் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

டெய்லரக்கா என்னைத்தான் பார்த்தார். "அன்னிக்கே சொன்னேனே. நீதான பக்கத்துல நின்ன. சொல்லு."

பதின்மூன்று பெண்களும் மேடமும் என் வாயைப் பார்த்தார்கள். நான் ஆங்கிலத்தில், அவர் சாரி சொல்கிறார் என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவன் கூட அதைத்தான் சொல்கிறான். அக்கா எழுந்து நின்றார்.

"நான் சாரி சொல்லலியே பாப்பா."

தன் மெஷினுக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, மிச்சம் இருந்த தன் லேபிள்களை எல்லாம் முந்தானையில் போட்டு முடிந்துகொண்டார். அவமானத்தில் போகிறார் என்று நினைத்து, யாரும் உங்களைப் போகச் சொல்லவில்லை என்று மேடம் பின்னாலேயே ஓடினார். நான் அதை மொழிபெயர்த்தேன். அதை மட்டும் சரியாகவே மொழிபெயர்த்தேன். "துணி அவங்களுது, மெஷினு அவங்களுது. பேரு என்னுது" என்றார் அக்கா. பௌர்ணமிக் கூட்டத்துக்காக நிறைய பஸ் விட்டிருந்த நாள் அது. முதலில் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

மேடம் செய்ய வேண்டியதைச் செய்தார். அடிபட்டவரின் மருத்துவச் செலவை ஏற்றார். தோள்வாருக்கு நைலான் நூலே போதும் என்று அவராகவே யோசித்து முடிவெடுத்தார். விளம்பரத் தாளில் என் வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தார். பருத்தி நூலில் தைத்த பைகளை வாங்கியவர்களுக்கெல்லாம், திருப்பி அனுப்புங்கள், வாரைத் தைத்துத் தருகிறோம் என்று எழுதச் சொன்னார். அத்தனை கடிதத்தையும் நான்தான் எழுதினேன். கடிதத்தோடு வந்த லேபிளை மேடம் தன் மேஜை மேல் வைத்துவிட்டார், நான் எடுத்துக்கொண்டேன். அக்காவின் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். அக்கா மண்டிக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். அது எங்கள் பஸ் போகும் வழிதான். அந்த இடம் வரும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன்.

பைகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா தைத்தவை அதிகமும் கடல் தாண்டிப் போனவை. மூன்று வருடம் கழித்துத்தான் அப்படி ஒன்று வந்தது. அழுக்கேறி, துணி நைந்து, ஆனால் வார் அசையாமல் இருந்தது. மேடமும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தோம். மேல் தையல் பருத்தி நூல், பிளேடு பட்டதுமே பொடிந்தது. ஆனாலும் வார் கழன்று வரவில்லை. மடிப்பை விரித்தபோது உள்ளே இன்னொரு தையல் இருந்தது. கறுப்பு நைலான் நூல், குறுக்கும் நெடுக்குமாக, மூட்டை வாய் தைப்பது போல. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி கூடத் தெரியாது. அடுத்த மாதம் வந்த இரண்டு பைகளிலும் அப்படியே இருந்தது.

ஏன் இப்படிச் செய்தார் என்று மேடம் கேட்டார். அன்றுதான் சொன்னேன். வேப்பமரத்தடியில் அக்கா சொன்னது, நான் சொன்னது, பெஞ்சில் அக்கா சொன்னது, நான் சொன்னது, எல்லாம். மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்றும். அவரோ, இதுபோல் தன்னிடம் வந்து சேராதவை வேறு என்னவெல்லாம் என்று கேட்டார். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கடைசி மெஷின் பக்கம் காற்றே வரவில்லை என்றாள் ஒருத்தி. பேறுகாலத்துக்குப் பிறகு காலால் மெஷினை மிதிக்க முடியவில்லை என்றாள் இன்னொருத்தி. மேடத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே நிறுத்தியவை எத்தனையோ. அவ்வளவு நல்லது செய்ய நினைத்த ஓர் இடத்தில் அடைப்பு மாதிரி உட்கார்ந்திருந்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டிக்குப் போனேன். லேபிளைக் கையில் வைத்திருந்தேன். டெய்லரக்கா மூட்டை மேல் சாய்ந்து வாய் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா இங்கிலீஷ் பாப்பா, மல்லாட்ட வாங்க வந்தியா?"

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதைச் சொன்னேன். மேடம் வந்து பார்க்க விரும்புகிறார் என்றேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை. அந்த நூலை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "தேரடித் தெருவுல. எம் பேரு போட்டு அனுப்புறேன், இத்துப்போற நூல்லயா அனுப்புவேன்? மொத வாரம்தான் ஒண்ணும் பண்ண முடியல. நீ பக்கத்துலயே நின்னுனு இருந்தியே. அறுந்தது அப்ப தச்சதாத்தான் இருக்கும்."

"அன்னிக்கே இத மேடங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

ஊசி நின்றது. "யார வெச்சி சொல்றது? நீதான மாத்தி சொல்லணும்."

லேபிளை நீட்டினேன். இது உங்களுடையது என்றேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, தலை எது கால் எது என்று சரியாகத் திருப்பிப் பிடித்து, எழுத்துகளின் மேல் விரலை நகர்த்தினார்.

"இது அறுந்துபோன பையில இருந்ததுதான?"

"ஆமாக்கா."

என் உள்ளங்கையில் திரும்ப வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"அப்ப இது என்னுது இல்ல. நீ வெச்சிக்க."

மேடத்தை வரச் சொல்லலாமா என்று கேட்டேன். "வரட்டும். கூட நீ வராத. நாங்க எப்டியோ பேசிக்கறோம்" என்றார். அடுத்த வாரம் மேடம் தனியாகத்தான் போனார். என்ன பேசினார்கள், எப்படிப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும் நான் கேட்டதில்லை. அக்கா கொட்டகைக்குத் திரும்பவும் இல்லை. நான் அந்த வருடமே வேலையை விட்டுவிட்டு, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வார்த்தை தேடி அகராதியைத் திறக்கும்போதெல்லாம் அந்த லேபிள் வழுக்கி விழுகிறது. எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைக்கிறேன். அவர் பெயர்தான் இருக்கிறது. என்னுடையதுதான் அது.